கூரை போட்டால் வீடு முடிந்ததா?

மீள்குடியேற்றம் பற்றிப் பேசும்போது காணி, கிணறு, கூரை என்று கணக்கிடுகிறோம். மின்சாரம் என்று வந்தால் மட்டும், "கரண்ட் வந்துவிட்டதா?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். வயர்கள் பெட்டிக்குள் எப்படி முடிக்கப்பட்டிருக்கின்றன என்று எவரும் கேட்பதில்லை.

2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் காணிகள், பின்னர் அனல்மின் நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டன. அத்திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. நாட்டின் மின்சாரத்துக்காக நிலம் கேட்கப்பட்ட மக்களுக்கு, அதே மின்சாரம் வீட்டுக்குள் ஆபத்தாக வருவது நீதியாகுமா? கப்பல்துறையில் குடியேறியவர்களுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

"றிப் சுவிச் இருக்கிறது, பயமில்லை" என்று பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மையே. 30 மில்லி அம்பியர் றிப் சுவிச், மின்சாரம் உடலினூடாகவோ நிலத்துக்கோ கசியும்போது இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் தளர்ந்த திருகாணியில் கசிவு இல்லை. மின்னோட்டம் கூடுவதும் இல்லை. ஆகவே றிப் சுவிச்சும் விழாது, எம்.சி.பி.யும் விழாது. 230 வோல்ற்றில் 2,000 வாற்று கேத்தல் ஏறத்தாழ 8.7 அம்பியர் இழுக்கும். தளர்ந்த முனையில் ஒரு ஓம் தடை இருந்தாலே அந்த ஒரு புள்ளியில் ஏறத்தாழ 70 வாற்று வெப்பம் பிறக்கும். பிளாஸ்ரிக் உருகும், தீ பிடிக்கும். கடற்காற்றில் செம்பு பச்சை பிடித்துவிட்டால் தடை இன்னும் கூடும்.

நல்ல வேலைக்கு அடையாளங்கள் உண்டு. வயரின் உறை, முனைக்குள் போகும் அளவுக்கு மட்டுமே உரிக்கப்பட்டிருக்கும். வெளியே செம்பு தெரியாது, திருகாணி உறையின் மேல் இறுகியிருக்காது. இழைகளில் ஒன்றும் வெட்டப்பட்டிருக்காது. இறுக்கிய பின் மெல்ல இழுத்தால் வயர் அசையாது. அலுமினியமும் செம்பும் நேரடியாக முறுக்கப்பட்டிருக்காது. எர்த் வயர் பெட்டியிலிருந்து நிலத்துக்கம்பிவரை அறாமல் போகும். கிணற்று மோட்டரை ஈரக்கையால் தொடும் விவசாயிக்கு இந்த எர்த்தே உயிர்க்காவல்.

பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். மெயின் சுவிச்சை நிறுத்தினாலும் அதற்கு முந்திய வயரில் மின்சாரம் இருக்கும். எரிந்த மணம், சூடான சுவர்ச் சுவிச், மினுங்கும் விளக்கு ஆகியவை கண்டால் பயிற்சி பெற்ற மின் தொழிலாளியை அழையுங்கள். றிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள்.

வீடு கட்ட உதவும் நிறுவனங்களிடம் எனது வேண்டுகோள் ஒன்றே. அத்திவாரத்துக்கும் சுவருக்கும் கூரைக்கும் கட்டம் கட்டமாகப் பணம் கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் பார்வையிடுகிறீர்கள். வயரிங்கைப் பரிசோதிப்பதையும் ஒரு கட்டமாகச் சேருங்கள். கிராம அபிவிருத்திச் சங்கங்களே, அந்தப் பரிசோதனையின் எழுத்து அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். கிராமத்துக்கு இரண்டு இளைஞரையாவது இத்தொழிலுக்கு முறையாகப் பயிற்றுவிப்போம். ஏழைக்கு இது போதும் என்று கொடுக்கும் வேலை தர்மம் அல்ல. பிள்ளைகள் அச்சமின்றி உறங்கும் கூரையே வீடு. அதைக் கேட்பது உங்கள் உரிமை.