எட்டாம் பக்கத்தில் இருந்த ஒரு வரி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியை ஆற்றிக்கொண்டே படியுங்கள்.

போன மாதம் என்னிடம் படித்த ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். விமானக் கம்பெனியில் வேலை. விமானம் ஓட்டுகிறவன் இல்லை. ஓட்டுகிறவர்கள் கிளம்பும் முன் அவர்கள் கையில் கொடுக்க வேண்டிய தாள்களைத் தயார் செய்யும் பிரிவில் இருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். பேச்சுவாக்கில் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டி, "ஐயா, எங்களைப் போட்டு வாட்டினீங்களே, இதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக பார்ப்போம்" என்றான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்து. புள்ளியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை என்றே சொல்லலாம். சொற்களில் உயிரெழுத்தை எல்லாம் உருவி எடுத்துவிட்டார்கள். 'மூடப்பட்டது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓ போய், இ போய், சி எல் எஸ் டி என்று நான்கு மெய்கள் மட்டும் நிற்கின்றன. தமிழய்யாவிடம் காட்டக்கூடிய பக்கமா அது!

இதற்கு நோட்டாம் என்று பெயராம். விமானிகளுக்கான அறிவிப்பு. எந்த ஓடுபாதை மூடியிருக்கிறது, எந்த விளக்கு எரியவில்லை, எங்கே கிரேன் நிற்கிறது, எந்தக் கோபுரத்தின் உச்சி விளக்கு பழுது, எங்கே பறவைகள் திரிகின்றன என்று எல்லாம் அதில் வரும். தந்தி காலத்தில் உண்டான வடிவம். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தும் காசு, ஒவ்வொரு எழுத்தும் நேரம், அதனால் குறுக்கினார்கள். தந்தி போய்விட்டது. அந்த மொழி மட்டும் போகவில்லை. நேரம்கூட கிளம்பும் ஊரின் நேரம் இல்லை, இறங்கும் ஊரின் நேரமும் இல்லை. உலகப் பொது நேரம், பத்து இலக்கத்தில்.

"இதை முழுசாப் படிப்பாங்களாடா?" என்றேன்.

"படிக்கணும் ஐயா" என்றான்.

'படிப்பாங்க' என்று அவன் சொல்லவில்லை. அப்புறம்தான் சான் பிரான்சிஸ்கோ கதையைச் சொன்னான். அவன் போன பிறகு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அறிக்கையைத் தேடி எடுத்துப் படித்தேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை?

2017 ஜூலை 7. நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன். டொரண்டோவிலிருந்து வந்த ஏர் கனடா 759, சான் பிரான்சிஸ்கோவில் இறங்க வேண்டும். பயணிகளும் ஊழியர்களுமாக 140 பேர். அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள்: 28 இடது, 28 வலது. இவர்கள் இறங்க வேண்டியது வலதில். அன்றிரவு இடது ஓடுபாதை வேலைக்காக மூடப்பட்டு, அதன் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. முனையில் பெரிய பெருக்கல் குறி ஒன்று மின்னிக்கொண்டிருந்தது.

விமானிகள் வழக்கம்போல இரண்டு ஓடுபாதைகளை எதிர்பார்த்து வந்தார்கள். ஒன்று இருட்டில் கிடக்கிறது. ஆகவே விளக்கு எரிந்த வலது ஓடுபாதை அவர்கள் கண்ணுக்கு இடது ஓடுபாதையாகத் தெரிந்துவிட்டது. அதற்கு வலப்பக்கம் விளக்கோடு ஒரு பாதை தெரிந்ததே, அதுதான் நமக்கு என்று நினைத்தார்கள். அது ஓடுபாதை இல்லை. கிளம்பப்போகும் விமானங்கள் ஊர்ந்து போகும் துணைப்பாதை. அங்கே நான்கு பெரிய விமானங்கள், வயிறு நிறைய எரிபொருளும் ஆட்களுமாக, வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

பாதையில் விளக்குகள் தெரிகின்றனவே என்று இவர்களுக்கே சந்தேகம் வந்து கோபுரத்தைக் கேட்டார்கள். 28 வலதில் யாரும் இல்லை என்று பதில் வந்தது. பதில் சரிதான். அங்கே யாரும் இல்லை. இவர்கள்தான் அங்கே இல்லை. வரிசையில் முதலில் நின்ற விமானத்தின் விமானி பதறிப்போய், இவர் துணைப்பாதைக்கு வருகிறார் என்று ரேடியோவில் சொன்னார். இரண்டாவதாக நின்ற பிலிப்பைன் விமானத்தார் தங்கள் விளக்குகளைப் போட்டார்கள். ஏர் கனடாக்காரர்களும் ஏதோ சரியில்லை என்று உணர்ந்து விமானத்தை மேலே தூக்கினார்கள். மேலே ஏறத் தொடங்கும் முன் அது தரையிலிருந்து ஏறத்தாழ 60 அடி உயரம் வரை இறங்கிவிட்டிருந்தது. கீழே நின்ற பிலிப்பைன் விமானத்தின் வாலே ஏறத்தாழ 55 அடி. ஐந்து விமானங்களிலுமாக ஆயிரம் பேருக்கு மேல். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அதனால்தான் நம்மில் பலர் இதைக் கேள்விப்படவே இல்லை.

இடது ஓடுபாதை மூடியிருக்கும் செய்தி அவர்களுக்குக் கொடுக்கப்படாமல் இல்லை. 27 பக்கத் தாள்கட்டில் எட்டாம் பக்கத்தில் இருந்தது. பறக்கும்போது விமானத்துக்கு வந்த செய்தியிலும் இன்னொரு முறை, பல வரிகளுக்கு நடுவே இருந்தது. கேப்டன் அதைப் பார்த்ததாகச் சொன்னார். தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. துணை விமானிக்கு அதைப் பார்த்த நினைவே இல்லை.

இதை வகுப்பில் சொல்லியிருந்தால் உங்களில் பாதிப் பேர் "படிக்காம வந்தது அவங்க தப்புதானே ஐயா" என்று கேட்டிருப்பீர்கள். தப்பு இருக்கிறது. கேப்டன் 19 மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தவர். ஓடுபாதைக்கு நேராக வர உதவும் ஒரு கருவியைக் கையால் அமைக்க வேண்டியிருந்தது. அதைத் துணை விமானி விட்டுவிட்டார். அறிக்கை எதையும் மறைக்கவில்லை. ஆனால் அதே அறிக்கை, அறிவிப்பைக் கொடுத்த விதத்தையும் குற்றம் சொல்கிறது. 2018 செப்டம்பரில் நடந்த கூட்டத்தில் வாரியத் தலைவர் ராபர்ட் சம்வால்ட், அவரே பல வருடம் விமானம் ஓட்டியவர், இந்த நோட்டாம்களை யாரும் கண்டுகொள்ளாத குப்பை என்றே சொல்லிவிட்டார். அந்தக் குப்பை இல்லாமலும் முடியாது. 2023 ஜனவரி 11 அன்று அமெரிக்காவில் நோட்டாம் கணினி படுத்துவிட்டது. நாடு முழுக்க விமானங்களைக் கிளம்பவிடாமல் நிறுத்தினார்கள், ஆயிரக்கணக்கில் தாமதம். இல்லாமல் பறக்கக் கூடாது, இருந்தால் படிக்க முடியாது. எப்படி இருக்கிறது பாருங்கள்.

ஏன் இப்படி ஒரு கட்டு சேர்கிறது? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ஒரு அறிவிப்பைப் போட்டதற்காக எந்த அதிகாரிக்கும் மெமோ வந்ததில்லை. போடாமல் விட்டதற்குத்தான் வரும். ஆகவே எல்லாரும் எல்லாவற்றையும் போடுகிறார்கள். மூடிய ஓடுபாதையும், பழுதான ஒரு கோபுர விளக்கும் ஒரே எழுத்தில், ஒரே அளவில், ஒன்றன்கீழ் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. எழுதியவர் பத்திரமாகிவிடுகிறார். 'நான் சொல்லிவிட்டேனே!' படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுவது வேறு. நாளைக்குப் பழி நம் மேல் வரக்கூடாது என்று எழுதுவது வேறு. இரண்டும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

படித்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2000 அக்டோபர் 31, தைப்பே. புயல் மழை இரவு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 006, வேலை நடந்துகொண்டிருந்த ஓடுபாதையில் தவறிப்போய் ஏறிக் கிளம்பி, கட்டுமான இயந்திரங்களில் மோதியது. 179 பேரில் 83 பேர் போய்விட்டார்கள். அந்தப் பாதை மூடியிருப்பது பற்றிய அறிவிப்பு விமானிகளுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் நோட்டாமைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. படிக்கக்கூடிய மாதிரியாவது கொடுங்கள் என்கிறேன்.

இதை நான் இவ்வளவு சூடாக எழுதக் காரணம் உண்டு.

நான் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்த ஒரு வருடம். எந்தப் பள்ளி என்று வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். தேர்வு வருகிறது. தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருடம், அன்றைக்கு மாதம் 500 ரூபாய் உதவித்தொகை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்கே தெரியும். கடைசி வாரத்தில் தேர்வு மையத்தை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நான் அறிவிப்பு எழுதினேன். மொத்தம் பதினொரு விஷயம். சீருடை, நீல மையா கறுப்பு மையா, தண்ணீர் பாட்டில், பெற்றோர் கையொப்பம், இலவச சைக்கிளுக்கு ஜெராக்ஸ். ஒன்பதாவது: மையம் மாற்றம். பலகையில் ஒட்டினேன். காலைப் பிரார்த்தனையில் வாசிக்கவும் வைத்தேன். எல்லாரிடமும் கையெழுத்தும் வாங்கினேன்.

ஒரு பெண் பிள்ளை பழைய மையத்துக்குப் போய்விட்டாள். அங்கிருந்து சரியான ஊருக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது உள்ளே விடவில்லை. திங்கட்கிழமை அவளை அழைத்து, "நோட்டீஸ் பார்க்கலையா? கையெழுத்துப் போட்டிருக்கியே!" என்று சத்தம் போட்டேன். பதிவேட்டைத் திறந்து அவள் கையெழுத்தையே அவளுக்குக் காட்டினேன். "பார்த்தேன் ஐயா. நிறைய இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

இருபது வருடத்துக்கு மேல் 'சுருக்கி வரைக'வுக்கு மதிப்பெண் போட்டவன் நான். தேவையில்லாததை எடுத்துவிட்டு முக்கியமானதை முன்னே வைக்கத் தெரியவில்லை என்று எத்தனை பேருக்கு இரண்டு மதிப்பெண்ணைப் பிடுங்கியிருக்கிறேன்! அந்தப் பதினொன்றை அன்றைக்குத் திருத்தியிருந்தால் எனக்கு நானே பூஜ்யம் போட்டிருக்க வேண்டும். அவள் மேல் தப்பு இல்லை என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை. இந்தப் பக்கத்தை அவள் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. அம்மா, பார்த்தால் இந்த ஐயாவுக்கு ஒரு போன் போடு.

வீட்டுக்கு வந்தவனிடம் கேட்டேன்: "உனக்கு அதிகாரம் இருந்தா என்னடா செய்வே?" அவன் யோசிக்கவே இல்லை. "முதல் பக்கத்தில மூணே வரி ஐயா. இன்னிக்கு உங்களைக் கொல்லக்கூடிய மூணு விஷயம். மீதி எல்லாம் பின்னாடி." வாரியமும் இதைத்தான் வேறு வார்த்தையில் பரிந்துரைத்திருக்கிறது, முக்கியத்துவம் பார்த்து வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறது. எந்த மூன்று என்று யார் முடிவெடுப்பது, நாலாவதில் விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். "அதுக்குத்தான் ஐயா யாரும் கை வைக்க மாட்டேங்கிறாங்க" என்றான். அதற்கு மேல் என்னிடம் கேள்வி இல்லை.

கடைசியாக ஒன்று. பழைய மாணவர் சந்திப்பு பற்றி வாட்ஸப் குழுவில் நேற்று ஒரு நீண்ட அறிவிப்பு வந்திருக்கிறது. வரவேற்பு, நன்றி, வாழ்த்து, சாப்பாட்டுக் கணக்கு, சட்டை நிறம் எல்லாம் இருக்கின்றன. முழுதும் படித்தவர்கள் எத்தனை பேரோ. அதன் அடியில் இருப்பதை இங்கே எடுத்துப் போடுகிறேன்: சந்திப்பு பள்ளியில் இல்லை. மாரியம்மன் கோயில் எதிரே உள்ள கல்யாண மண்டபத்தில். வரும் ஞாயிறு, காலை 10 மணி.