இரவல் கேட்கத் தெரியுமா?



ஆகஸ்டு 9, தேசிய தினம் நெருங்கினால் போதும். நம் சிங்கப்பூர்த் தீவில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "கம்பத்து உணர்வு மறைஞ்சு போச்சு, அதை மீட்கணும்!" மேடையில் பேசுகிறவரும் சொல்கிறார், கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் சொல்கிறார். கம்பத்தில் ஒருநாள் கூட வாழ்ந்திராத நாமும் தலையாட்டுகிறோம். மீட்கலாம், சரி. ஆனால் எதை மீட்பது? அதைத்தான் யாரும் விளக்குவதில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். கம்பம் சொர்க்கம் அல்ல. அத்தாப்புக் கூரை, பொதுக்குழாயில் தண்ணீருக்கு வரிசை, பெரிய மழை பெய்தால் வெள்ளம். வாளிக் கக்கூஸ் நம் நாட்டில் அடியோடு ஒழிந்ததே 1987இல்தான்! 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ, ஒரே நாளில் ஏறக்குறைய 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. 1964இல் இனக் கலவரம் வெடித்ததும் இதே கம்பத்துக் காலத்தில்தான். ஆகவே, 'அந்தக் காலத்து மனுஷங்க எல்லாம் நல்லவங்க, இந்தக் காலத்துப் பிள்ளைங்க சுயநலக்காரங்க' என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது.

அப்படியானால் கம்பத்தில் என்னதான் இருந்தது? தேவை இருந்தது! கிணறு தூர் வார நாலு பேர் வேண்டும். கூரை மாற்ற ஆள் வேண்டும். கல்யாணம் என்றால் பாத்திரம் பண்டம் நாலு வீட்டில் வாங்க வேண்டும். அம்மா வேலைக்குப் போனால் பிள்ளையைப் பக்கத்து வீட்டில்தான் விட வேண்டும். இப்படிக் கூடிச் செய்வதைத்தான் மலாய் மொழியில் 'கோத்தோங் ரோயோங்' என்றார்கள். அது யாரும் பாடம் நடத்திச் சொல்லிக் கொடுத்த பண்பு அல்ல. இன்று நான் உன்னிடம் கேட்பேன், நாளை நீ என்னிடம் கேட்பாய். அவ்வளவுதான் கணக்கு.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. இன்று இங்கே வசிக்கும் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீவக வீடுகளில் இருக்கிறோம். குழாய், மின்சாரம், கழிவறை எல்லாம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. சும்மா சொல்லக் கூடாது, இது பெரிய சாதனை. திரும்பக் கம்பத்துக்குப் போகச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் போவோம்?

ஆனால் வசதி ஒன்று கூடக் கூட, அடுத்தவர் கதவைத் தட்டும் காரணம் ஒன்று குறைந்தது. பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. இறங்கி, நாலு வீட்டு வாசலைத் தாண்டி, படி ஏறித்தான் வீடு சேர வேண்டும். போகிற வழியில் 'சாப்டாச்சா?' என்று கேட்காமல் போக முடியுமா? 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தால் பெரும்பாலான புளோக்குகளில் மாடிக்கு மாடி மின்தூக்கி நிற்கிறது. முதியவர்களின் மூட்டு வலிக்கு அது வரம்தான். கூடவே அந்தச் 'சாப்டாச்சா'வும் குறைந்துவிட்டது.

நாம் கூடிப் பழக வேண்டும் என்று திட்டமிட்டவர்கள் நினைக்காமல் இல்லை. புளோக்கின் கீழ்த்தளத்தைக் காலியாக விட்டார்கள். அங்கே மலாய்க் கல்யாணமும் நடக்கிறது, சீனர் வீட்டுத் துக்கமும் நடக்கிறது. 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கொண்டுவந்து எல்லா இனத்தாரையும் ஒரே புளோக்கில் கலந்து குடியமர்த்தினார்கள். சுவரும் தளமும் அவர்கள் கட்டித் தந்தது. கதவைத் தட்டுவதும் அவர்கள் வேலையா?

இதை வெறும் ஏக்கம் என்று ஒதுக்க முடியாது, நண்பர்களே. 2010இல் ஒருவர் மட்டுமே வாழும் குடும்பங்கள் 12.2 விழுக்காடு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 16 விழுக்காடு. அவர்களில் முதியவர்கள் பலர். தனியாக இருந்தவர் இறந்து சில நாள் கழித்தே அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தது என்ற செய்தியை நாளிதழில் அவ்வப்போது படிக்கிறோம். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவருக்கும் மனசு இருந்திருக்கும். தட்டுவதற்குக் காரணம்தான் இல்லை.

என் கருத்து இதுதான்: நாம் இழந்தது கொடுக்கும் குணத்தை அல்ல. கொடி நாளில் உண்டியல் குலுக்குகிறோம், ரத்த தானம் செய்கிறோம், முதியோர் இல்லத்துக்குப் போய் வருகிறோம். இழந்தது, கேட்கும் துணிவை! ஒரு வெங்காயம் குறைந்தால் பக்கத்து வீட்டில் கேட்கக் கூச்சம்; கைத்தொலைபேசியில் தட்டி வரவழைத்துவிடுகிறோம். யாசிப்பது இழிவு என்று ஆத்திசூடியில் படித்தவர்கள் நாம். ஆனால் யாசகம் வேறு, இரவல் வேறு. இரவல் என்றால் திருப்பிக் கொடுக்கவாவது மறுபடி போக வேண்டுமே!

லோரோங் புவாங்கோக்கில் பெருந்தீவின் கடைசிக் கம்பம் இன்னமும் இருக்கிறது. அங்கே போய்ப் படம் எடுத்துத் திரும்புகிறோம். நம் மாடியில் எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியுமா?

டிப்ளோமா படிக்கும் நமக்குக் கைத்தொழில் தெரியும். இங்கே 'ரிப்பேர் கோப்பித்தியாம்' என்ற தொண்டூழிய முயற்சியில், பழுதான மின்விசிறியையும் சோற்றுப் பானையையும் குடியிருப்பாளர்கள் கொண்டுவர, தொண்டூழியர்கள் கூட உட்கார்ந்து சரிசெய்யக் கற்றுத் தருகிறார்கள். நம் மாணவர் சங்கமும் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் இதைச் செய்யலாமே! மின்னியல் மாணவர் மின்விசிறியைப் பார்க்கட்டும், தாதிமைப் படிப்பு மாணவி ரத்த அழுத்தம் பார்க்கட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. கொடுத்துவிட்டு மட்டும் வராதீர்கள், எதையாவது கேட்டுவிட்டும் வாருங்கள். மாக்சிக்கிடம் சம்பால் பக்குவம் கேளுங்கள். சீனப் பாட்டியிடம் நாலு வார்த்தை ஹொக்கியன் கேளுங்கள். கேட்கப்படும்போதுதான் 'நானும் வேண்டப்பட்டவள்' என்று ஒரு முதியவர் நினைப்பார்.

சங்கம் கூடி முடிவெடுக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று மாலையே வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்திருந்தால் கடைக்கு ஓடாதீர்கள். தாழ்வாரத்தில் யார் வீட்டுத் தொட்டியில் செடி இருக்கிறது என்று பாருங்கள். கதவைத் தட்டுங்கள். "ஆன்ட்டி, ஒரு கொத்து கிடைக்குமா?"