திருவிழாவா? சந்தையா?



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். சேலையூரில் எங்கள் தெருவில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு காட்சியை எங்களுக்குக் காட்டினார். கனடா நாட்டின் டொராண்டோ நகரில் வாழும் அவருடைய பேத்தி, பாவாடை சட்டை அணிந்து, நடுத்தெருவில் அமைத்திருந்த மேடையில் கும்மி அடித்துக்கொண்டிருந்தாள். பாட்டியாரின் கண்கள் கலங்கின.

அருகில் நின்ற பெரியவர் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எல்லாம் சரிதான் டீச்சர். மேடைக்குப் பின்னால் பாருங்கள். மிளகாய்த்தூள் கடை, நகைக் கடை, வீட்டுக் கடன் தரகர், காப்பீட்டு முகவர்! இதற்குப் பெயர் திருவிழாவா, சந்தையா?"

ஆசிரியை மறுமொழி கூறவில்லை. ஆயினும் பெரியவரின் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது. நம் பங்குகளில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வாழும் பெற்றோர் எத்தனை பேர்! அவர்களுள் பலருடைய உள்ளத்திலும் இக்கேள்வி இருக்கக்கூடும் என்பதால், இம்மாதம் இதனைப் பற்றியே சிந்திப்போம்.

டொராண்டோவில் தெருவிழா நடத்தும் தமிழருள் பெரும்பாலோர் ஈழத்தினின்று அடைக்கலம் தேடிச் சென்றவர்கள். 1983ஆம் ஆண்டு ஜூலை மாதக் கொடுமைகளுக்குப் பின் பல்லாயிரவர் நாடு நாடாகச் சிதறினர். 1986 ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துத் தீவை அடுத்த அட்லாண்டிக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் திக்கற்று மிதந்ததைக் கனடிய மீனவர்கள் கண்டு கரை சேர்த்தார்கள். உடுத்த துணியோடு வந்திறங்கிய மக்கள் அவர்கள். ஐந்து ஆண்டுகளுக்குள், 1991இல், கனடாத் தமிழர் தமக்கென ஒரு வர்த்தகச் சங்கத்தையே தோற்றுவித்துவிட்டார்கள். ஒன்ராறியோ மாநிலம் 2014இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகச் சட்டம் இயற்றி ஏற்றது. 2016இல் கனடிய நாடாளுமன்றமும் அவ்வாறே தீர்மானித்தது. இசையும் உணவும் கடைகளும் நிறைந்த தெருவிழாவைக் கனடியத் தமிழர் பேரவை 2015இல் ஸ்கார்பரோப் பகுதியின் மார்க்கம் வீதியில் தொடங்கி வைத்தது.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் இதே நிலைதான். 1987இல் தோன்றிய வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை, ஜூலை மாதத்து விடுதலை நாள் விடுமுறையை ஒட்டி ஆண்டு விழா நடத்துகிறது. அங்கே ஒரு கூடத்தில் கவியரங்கம் நடக்க, மற்றொரு கூடத்தில் தொழில் முனைவோர் கூடிப் பேசுகிறார்கள். கலையும் கடையும் ஒரே கூரையின்கீழ்!

இவ்வழியில் நமக்கு முன்னே நடந்து சென்ற வேறொரு மக்களினம் உண்டு. அதே கனடா நாட்டில் 1891ஆம் ஆண்டு முதல் குடியேறிய உக்ரேனியர்களே அவர்கள். அவ்வாண்டு இருவராக வந்தவர்கள், முதல் உலகப் போர் மூள்வதற்குள் ஏறத்தாழ ஒரு இலட்சத்து எழுபதாயிரம் பேராகப் பெருகினர். போர் வந்ததும், ஆஸ்திரியப் பேரரசின் குடிகள் என்னும் காரணத்தால் அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். இந்த இடுக்கண்களுக்கிடையே அவர்களைத் தாங்கி நிறுத்தியது எது? ஆலயத்தை அடுத்த சிறு கூடமே.

அவர்களுள் பலர் உக்ரேனியக் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவர்கள். நம் அண்டை மாநிலத்துச் சீரோ மலபார் திருச்சபையைப் போல, தமக்குரிய வழிபாட்டு முறையோடு உரோமைத் திருத்தந்தையுடன் ஒன்றித்திருப்பவர்கள். 1912இல் அவர்களுக்கென ஓர் ஆயர் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். கூடத்தில் ஒருபுறம் பாடகர் குழு பயிற்சி செய்யும். மறுபுறம் தாய்மார்கள் உருளைக்கிழங்கைப் பூரணமாக வைத்து, நம் கொழுக்கட்டையைப் போன்றதொரு பண்டத்தை நூற்றுக்கணக்கில் மடித்து விற்பார்கள். அந்தக் காசில் கூடத்தின் கடன் அடையும். பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கும் சனிக்கிழமைப் பள்ளி நடைபெறும். 1939இல் சஸ்கட்டூன் நகரில் தமக்கென ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் ஏற்படுத்தினார்கள். ஒருவர் சேமித்த பணம் மற்றவருக்கு வீடாயிற்று, விதையாயிற்று. 1966 முதல் மனிடோபா மாநிலத்தின் டாஃபின் என்னும் சிற்றூரில் தேசிய உக்ரேனிய விழாவைக் கொண்டாடினர். ஆல்பர்ட்டாவின் வெக்ரவில் ஊரில், உயிர்ப்புப் பெருவிழாவுக்குத் தாம் வண்ணம் தீட்டும் முட்டையின் பேருருவத்தை 1975இல் நட்டு வைத்தனர்.

ஆடல் பாடல்தானே என்று எண்ணிவிட வேண்டா. 1946இல் சோவியத் அரசு அவர்களுடைய திருச்சபையைத் தாய்நாட்டில் தடை செய்தது. 1989 வரை அது தலைமறைவாகவே வாழ்ந்தது. வெளிப்படையாக மணியடித்து வழிபடவும், தம் மொழியில் பாடவும் இயன்ற இடங்கள் அந்நாள்களில் கடல் கடந்த இக்கூடங்களே. 2022இல் உக்ரைன்மீது பெரும் போர் தொடங்கியபோது, உயிர் தப்பி வந்தவர்களுக்கு உடையும் உணவும் சேர்ந்த இடங்களுள் இவையும் இருந்தன. நூறு ஆண்டுகளாகக் கொழுக்கட்டை விற்ற மேசைகள் அன்று அடைக்கல மேசைகளாயின.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். மொழியும் மரபும் மேடையில் மட்டும் வாழ்வன அல்ல. ஆண்டுக்கொரு முறை பட்டுடுத்தி ஆடிவிட்டு வீடு திரும்பும் குழந்தைக்குத் தமிழ் ஒரு அணிகலன்; கழற்றி வைத்துவிடக் கூடியது. விலை கேட்கவும், பேரம் பேசவும், கடன் வாங்கவும், செபிக்கவும், சண்டையிடவும் எந்த மொழி பயன்படுகிறதோ, அந்த மொழியே குழந்தையின் நாவில் நிலைக்கும். ஆதலால் விழாவை அடுத்து வந்த கடை, விழாவைக் கெடுக்க வந்ததென்று கொள்ள வேண்டுவதில்லை. பல வேளைகளில் விழாவுக்கு உயிர் தருவதே அக்கடைதான். நம் ஊர்த் திருவிழாக்களில் கொடியேற்றத்தன்றே வளையல் கடையும் பொரி கடையும் வந்துவிடவில்லையா?

சான்று தேடி வெகுதொலைவு செல்ல வேண்டா. தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் பரங்கிமலை. மலைமேல் உள்ள ஆலயத்திற்கு நாம் படியேறிச் செல்கிறோமே, அப்படிகளை அமைத்துத் தந்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்னும் அர்மேனிய வணிகர். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726இல் பாலம் கட்டியவரும் அவரே. தாய்நாட்டை விட்டுப் பிழைக்க வந்த அர்மேனியர், சென்னையில் பட்டும் மணியும் விற்றனர். 1712இல் தமக்கென ஆலயம் எழுப்பினர். 1772இல் அது புதிதாகக் கட்டப்பட்டது. உலகின் முதல் அர்மேனிய இதழ் வெளிவந்த ஊர் எது தெரியுமா? நம் சென்னையே. 1794இல் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்னும் குருவானவர் 'அஸ்தாரார்' என்னும் அந்த இதழை இங்கே அச்சிட்டார். அதில் நாட்டு நடப்புகளோடு வணிகர்களுக்கு வேண்டிய வாணிபச் செய்திகளும் இடம்பெற்றன. கலையையும் கடையையும் அக்குருவானவர் பிரித்துப் பார்க்கவில்லை!

ஆனால் அவ்வரலாற்றின் முடிவையும் மறைக்கலாகாது. இன்று சென்னையில் அர்மேனியக் குடும்பங்கள் ஏறத்தாழ இல்லை. அர்மேனியன் தெருவில் ஆலயம் இருக்கிறது, மணிக்கூண்டு இருக்கிறது. அந்த மொழியில் செபிக்கும் குழந்தைகள்தாம் இல்லை. வணிகம் குறைந்தது, மக்கள் வேறிடம் பெயர்ந்தனர், பேச்சு அடங்கிற்று. கல் நிலைத்தது, சொல் நிலைக்கவில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் இரண்டு. வாணிபமின்றி விழா நெடுநாள் நிற்பதில்லை என்பது ஒன்று. வாணிபத்தின் பயன் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்க வேண்டும் என்பது மற்றொன்று. உக்ரேனியத் தாய்மாரின் காசு பள்ளியாயிற்று. உஸ்கானின் காசு, அவர் பெயரையே அறியாத நம்மவர் ஏறும் படியாயிற்று. ஈட்டிய பொருள் வண்ண விளக்குகளாகவும் விளம்பரப் பதாகைகளாகவும் மட்டும் எரிந்து முடிந்தால், பெரியவர் ஐயுற்றது சரியே. அது வெறும் சந்தைதான். குழந்தைக்கு ஒரு வகுப்பாக, புதிதாக வந்தவனுக்கு ஒரு வேலையாக, முதியவருக்கு ஒரு துணையாக அது திரும்பி வந்தால், அந்தச் சந்தையும் திருவிழாவே.

இத்தருணத்தில் நம் முற்றத்தையும் சற்றுப் பார்ப்போமா? தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அடுக்குமாடி எழுப்பவும், உணவகங்களில் பரிமாறவும் ஜார்க்கண்ட், ஒடிசா, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் எத்தனை பேர்! அவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு. ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் வந்தமர்ந்து, மொழி புரியாமல் முழந்தாளிட்டு, எவரும் பெயர் கேட்காமலேயே திரும்பிச் செல்கிறார்கள். டொராண்டோவில் நம் பேத்திக்கு ஒரு தெருவைத் திறந்துவிட்டார்களே என்று மகிழும் நாம், இவர்களுக்கு நம் பங்குக் கூடத்தை ஆண்டில் ஒரு மாலையேனும் திறந்துவிடலாகாதா? அவர்கள் தம் மொழியில் பாடட்டும். தம் ஊர் உணவைச் சமைத்து விற்கட்டும். நாமும் வாங்கி உண்போம். வெளிநாட்டில் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டுமென நாம் வேண்டுவதை, நம்மிடம் வந்த பிறர் பிள்ளைகளுக்குத் தருவதே நேர்மை.

அந்த ஆசிரியையைச் சில நாள்களுக்குப் பின் மீண்டும் சந்தித்தேன். அன்று முற்றத்தில் சொல்லாததை அப்போது சொன்னார். சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, மூன்று வாரமும் பாட்டியின் கேள்விகளுக்குத் தலையை மட்டும் ஆட்டினாளாம். தமிழ் அவளுக்கு அம்மாவின் அடுக்களைப் பேச்சு. வெளியில் எவரும் பேசாத ஒன்று. தெருவிழாவுக்கு மறுநாள் அவளே தொலைபேசியில் அழைத்திருக்கிறாள். "பாட்டி, ஒரு கடையிலே மாம்பழம் என்ன விலைன்னு தமிழிலே கேட்டேன். அவங்களுக்குப் புரிஞ்சுது, பாட்டி!" என்றாளாம். கும்மியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையாம்.

பெற்றோரே, தாத்தா பாட்டிமாரே! முறுக்கும் ஊறுகாயும் அனுப்பும் பெட்டியில் இரண்டு தமிழ்க் கதைப் புத்தகங்களையும் வையுங்கள். வாரம் ஒரு நாள் பேரப் பிள்ளைகளோடு தமிழிலேயே பேசுங்கள். பிழையாகப் பேசினால் நகைக்காதீர்கள். அடுத்த விடுமுறைக்கு அவர்கள் வரும்போது, கையில் ஐம்பது ரூபாயைக் கொடுத்துக் கேம்ப் ரோடு காய்கறிக் கடைக்கு அனுப்புங்கள். கீரை வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி வரட்டும். கடைக்காரம்மா கொசுறாகத் தரும் கறிவேப்பிலையோடு இன்னும் நாலு தமிழ்ச் சொற்களும் உடன் வரும்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.