நோயின் பெயரறிய மூன்று மாதம்



2013 டிசம்பரில், மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில், மெலியாண்டு என்ற சிற்றூரில் ஒரு குழந்தை இறந்தது. அடுத்தடுத்துப் பலர் மடிந்தனர். காலரா என்றே முதலில் எண்ணினார்கள். இரத்த மாதிரிகள் பிரான்சின் லியோன் நகருக்குப் போய், எபோலா என்று உறுதியானபோது 2014 மார்ச் பிற்பகுதி ஆகிவிட்டது. அந்நோய்க்கு 11,300க்கும் அதிகமானோர் பலியாயினர். அருகிலேயே தரமான ஆய்வகம் இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ!

இக்குறை முன்பே அறியப்பட்டதுதான். 2009இல் ருவாண்டாவின் கிகாலியில், ஆப்பிரிக்க ஆய்வகங்களை ஐந்து நட்சத்திரம் வரை தரம் பிரித்துப் படிப்படியாக உயர்த்தும் திட்டத்தை உலக நலவாழ்வு அமைப்பு தொடங்கியது. தரத்தைச் சோதிக்க, முடிவு முன்பே தெரிந்த மாதிரிகளை வெளியிலிருந்து அனுப்புவார்கள்; ஆய்வகம் அதை அறியாமலே சோதித்துச் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த கருவியை இறக்கிவைத்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு போவதைவிட இதுவே மேலான உதவி என்போம். வேதிப்பொருள் தீர்ந்தால் கருவியின்மேல் துணிதானே போர்த்துவார்கள்!

ஆனால் ஒத்துழைப்பு என்பது ஒருவழிப் பாதையா? 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க, போட்ஸ்வானா ஆய்வகங்கள் ஓமிக்ரான் கிருமியைக் கண்டறிந்து உடனே உலகுக்கு அறிவித்தன. கிடைத்த நன்றி, விமானத் தடை. உண்மையைச் சொன்னவரைத் தண்டித்தால், அடுத்த முறை யார் வாய் திறப்பார்?

பணமும் அப்படியே. தட்டம்மையைக் கண்டறியும் 700க்கும் மேற்பட்ட ஆய்வகங்களின் உலக வலையமைப்பு அமெரிக்க நிதி ஒன்றையே நம்பியிருந்தது. 2025இல் அந்நாடு வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியபோது, வலையமைப்பே மூடப்படும் அபாயம் இருப்பதாக உலக நலவாழ்வு அமைப்பு எச்சரித்தது.