கடைமடைக்கு அப்பாலும் ஒரு பங்கு

மழை வலுத்துக் கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போதெல்லாம் "தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்ற குரல் எழும். வறட்சியைக் கண்டவர்களின் ஆதங்கம் அது, புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் ஆறு கடலைத் தொடும் இடத்தில் அந்த நீரை நம்பி ஓர் அலையாத்திக் காடு நிற்கிறது. அதன் பங்கை வீண் என்று எழுதிவிட்டு, மறுபுறம் அலையாத்திக் கன்று நடும் விழா நடத்துவதில் பொருளில்லை.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் உள்ள பிச்சாவரம், நீரோட்டம் இல்லாமல் காடு பிழைக்காது என்பதை ஏற்கெனவே நமக்குக் காட்டியிருக்கிறது. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை அந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து வெட்டினார்கள். வெட்டிய இடம் தானே துளிர்த்துவிடும் என்பது கணக்கு. துளிர்க்கவில்லை. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து அமிழ்ந்தது. நிலம் நடுவில் குழிந்தது. ஓதத்தில் ஏறிய நீர் வடிய வழியின்றி அங்கேயே வற்றி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. வெண்கண்டல் தன் இலை வழியாகவே உப்பைக் கழிக்கும் மரம். இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். அந்த மரத்தாலேயே அங்கே பிழைக்க முடியவில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே முதலில் வெட்டியது வாய்க்கால். நடுவில் பெரிய வாய்க்கால், இருபுறமும் மீன்முள் வடிவில் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியது, தேங்கிய உப்பு கரைந்து வெளியேறியது, அதன்பிறகு நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. 2004 ஆழிப்பேரலையின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்ததை நாடே பேசியது.

ஆனாலும் காட்டின் வலுவுக்கு எல்லை உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டை அலையாத்திகளையே சாய்த்தது. விழுந்த காடு மீள நன்னீர் வேண்டும். கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் கழிக்கு நல்ல நீர் கொண்டுவருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின்போதுதான். மற்ற மாதங்களில் உவர்ப்பு ஏறிவிடுகிறது. மேட்டூர் அணை திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறோம். அந்தக் கேள்வி கடைசி வயலோடு நின்றுவிடுகிறது.

இப்போது கடல் மட்டமும் உயர்ந்து வருகிறது. அதற்கு ஈடுகொடுக்க அலையாத்திக்கு இரண்டே வழிகள்: சேறு படியப்படிய நிலம் உயர வேண்டும், இல்லையேல் காடு கரைப்பக்கம் நகர வேண்டும். வண்டலை அணைகள் மேலேயே பிடித்துவைத்துக்கொள்கின்றன. கரைப்பக்கமோ இறால் பண்ணைக் கரைகளும் சாலைகளும் வழிமறிக்கின்றன.

ஆகவே இந்தக் காட்டைக் காக்கும் பொறுப்பை வனத்துறையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. உபரி நீர் வரும் ஆண்டுகளில் கழிமுகத்துக்கு எவ்வளவு, எப்போது விடுவது என்று நீர்வளத்துறை முன்கூட்டியே வகுத்து அறிவிக்க வேண்டும். வறட்சி ஆண்டில் உழவரிடம் பங்கு கேட்பது நியாயமில்லை. ஆனால் முகத்துவாரத்தில் நன்னீர் இருந்தால்தான் கடல்நீர் நிலத்தடியில் ஏறாது, உழவரின் கிணறும் தப்பும் என்பதால் இது அவருக்கும் ஆதாயமே. இறால் பண்ணை உரிமையாளர்கள் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடக் கூடாது. கைவிட்ட குட்டைகளின் கரையை உடைத்து ஓதத்துக்கு வழிவிட வேண்டும். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களையும் சிறு மீனவர்களையும் பாதுகாப்பு என்ற பெயரில் விரட்டாமல், பராமரிப்புக் குழுக்களில் வாக்குள்ளவர்களாகச் சேர்க்க வேண்டும். கொள்ளிடத்திலிருந்து வீராணம் வழியாகக் குடிநீர் பெறும் சென்னைவாசிக்கும் இந்தப் பொறுப்பில் பங்கு உண்டு.

பிச்சாவரம் 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது பெருமைதான். ஆனால் அங்கே வெட்டிய மீன்முள் வாய்க்கால்களோ தூர்ந்துகொண்டே இருப்பவை. ஆண்டுதோறும் ஆள் வைத்துத் தூர் வார வேண்டும். ஏரிக்கும் கால்வாய்க்கும் ஊர்கூடிக் குடிமராமத்து செய்த மண் இது. இனி அந்தக் குடிமராமத்துப் பணிகளில் ஓதம் ஏறும் வாய்க்காலையும் சேர்ப்போம். அதற்கான நிதியையும் பொறுப்பாளர்களையும் அடுத்த பருவமழைக்கு முன் கிராமசபையில் வைத்து முடிவுசெய்வோம்.