அலமாரி திறக்கவில்லை, மாமி!

சென்ற மாதக் கடைசியில் ஒரு நாள், காலை எட்டரை மணிக்கு எதிர்வீட்டு மருமகள் ஓடி வந்தாள். கையில் லாப்டாப், முகத்தில் ஈயாடவில்லை.

"மாமி, ராத்திரி இது தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது. இப்போது ஆபீஸ் பைல் ஒன்றும் திறக்க மாட்டேன் என்கிறது. பத்து மணிக்குள் சம்பளப் பட்டியல் போயாக வேண்டும்!"

அந்தப் பட்டியலில் நாற்பது பேர். நாற்பது வீட்டு வாடகை, பால் கணக்கு எல்லாம் அதில் தொங்குகிறது அல்லவா?

வீட்டிலிருந்தபடி உத்தியோகம் பார்க்கும் சகோதரிகள் பலருக்கு இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். முதலில் பயத்தை விடுங்கள். பைல்கள் எங்கும் போய்விடவில்லை; ஆபீஸிலே பத்திரமாக இருக்கின்றன. அங்கே போய்ச் சேர வி.பி.என். என்கிற மூடுபாதை ஒன்று. போன பிறகு அலமாரியைத் திறக்கும் முறை வேறொன்று. இரண்டில் எது கெட்டது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை தீர்ந்தது.

பாதையே கெடுவதும் உண்டு. 2022 ஜனவரி 11-ந் தேதி மைக்ரோஸாப்ட் வெளியிட்ட விண்டோஸ் அப்டேட், ஒரு வகை வி.பி.என். இணைப்புகளை அறுத்துவிட்டது. அதற்கு மாற்று 17-ந் தேதிதான் வந்தது. நடுவிலே, 'நாம்தான் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டோம்' என்று எத்தனை பேர் தவித்தார்களோ!

இவளுக்கு வி.பி.என். இணைந்திருப்பதாகவே காட்டிற்று. ஆகவே, அலமாரியின் பெயருக்குப் பதில் அதன் எண் முகவரியை அடித்துப் பார்க்கச் சொன்னேன். டயரியில் குறித்து வைத்திருந்தாள், கெட்டிக்காரி! எண்ணுக்குத் திறந்து பெயருக்குத் திறக்காவிட்டால், பெயரை எண்ணாக்கித் தரும் டி.என்.எஸ். ஏற்பாட்டில் கோளாறு; வி.பி.என்.னைத் துண்டித்து மறுபடி இணைத்தாலே சில சமயம் சரியாகிவிடும்.

இங்கே எண்ணுக்கும் திறக்கவில்லை. 'அடையாளம் சொல்லாத விருந்தாளிக்கு அனுமதியில்லை' என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வந்தது. அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. ராத்திரி வந்தது சாதாரண அப்டேட் அல்ல. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு. 2024 அக்டோபரில் வெளியான அந்தப் பதிப்பு, ப்ரோ வகைக் கணினிகளில் இரண்டு கண்டிப்புகளைக் கொண்டு வந்தது. அலமாரி ஒவ்வொரு பேச்சிலும் கையொப்பம் வைக்க வேண்டும். ரகசியச் சொல் இல்லாமல் விருந்தாளியாக நுழையவும் கூடாது. இவள் ஆபீஸிலோ பழைய பெட்டி; யார் வந்தாலும் திறந்துவிடும் தர்மசத்திரம்!

"அந்தக் கண்டிப்பை அணைத்துவிடலாமாமே, மாமி?" என்றாள். அணைக்கலாம்தான். ஆனால் 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற கிருமி, பைல் பகிரும் பழைய முறையிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவி, பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளையே முடக்கிற்று. சம்பளக் கணக்கு இருக்கிற இடத்தில் கதவைத் திறந்து போடுவார்களா?

ஆபீஸுக்கே போன் செய்யச் சொன்னேன். அங்கிருந்த கணினிக்காரர் முதலில் முணுமுணுத்தாராம். பிறகு பெட்டியில் கையொப்ப வசதியை இயக்கி, இவளுக்கென்று ஒரு பெயரும் ரகசியச் சொல்லும் கொடுத்தார். மாதக் கடைசியில் அப்டேட்டைச் சில நாள் நிறுத்தி வைக்க விண்டோஸிலேயே வசதி இருப்பதையும் காட்டிக் கொடுத்தேன்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் பட்டியல் போயிற்று. அவளுக்காகக் கலந்து வைத்த காபிதான் ஆறி, ஏடு படிந்து கிடந்தது.