நாம் கேட்பது நல்ல ரொட்டி

கொல்கத்தாவுக்கு வந்து தங்கும் வசதி படைத்தோர் நல்ல ரொட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டால், 1902இல் தொடங்கப்பட்ட நாஹூம் கடைக்கு, நியூ மார்க்கெட்டுக்கு வழி காட்டுவார்கள். அதே கேள்வியை நம் குடும்பங்களும் கேட்கின்றன. ஆனால் நாம் தேடுவது ருசியை அல்ல. எடை குறையாத, பூசணம் பூக்காத, நஞ்சு கலவாத ரொட்டியைத் தேடுகிறோம்.

சோறு தின்று வளர்ந்தவர்களுக்கு ரொட்டி எதற்கு என்று ஊரில் கேட்கலாம். ஒரே அறையில் நான்கு பேர் தங்கி, விடியுமுன் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு மாவரைக்க நேரமேது? கால் பவுண்டு ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுதான் நம்மில் பலருடைய நாள் தொடங்குகிறது. வங்காளியின் 'பாவுருட்டி'யும் இலங்கைத் தமிழரின் 'பாணும்' போர்த்துகீசியரின் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. பிழைக்கப் போன இடமெல்லாம் உழைப்பவனுக்கு ரொட்டியே துணை.

சென்ற மழைக்காலத்தில் நம் வீடொன்றில் மாலையில் வாங்கிய ரொட்டி மறுநாள் காலையிலேயே பச்சையாகப் பூத்திருந்தது. உறையில் தேதியும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு காலத்தில் ரொட்டி அரசாங்கத்தின் பொறுப்பாகவும் இருந்தது. 1965இல் மத்திய அரசு தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ் பல நகரங்களில் ரொட்டி சுட்டு விற்றது. 2000 ஜனவரியில் அதன் 74 சதவீதப் பங்கு இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது. பின்னர் மேலும் கைமாறி, 2021இல் மெக்சிகோ நாட்டு பிம்போ நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. மக்களின் ரொட்டி இப்படித்தான் சந்தைச் சரக்காயிற்று.

சந்தை தானாக நம்மைக் காக்காது. 2016இல் தில்லியில் ஓர் ஆய்வு நிறுவனம் 38 ரொட்டி வகைகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருப்பது தெரிந்தது. மாவு உப்பி வருவதற்காகச் சேர்க்கும் புரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று கருதப்படுகிறது. அந்த ஆண்டே அரசு அதைத் தடை செய்தது. ஆய்வும் கூக்குரலும் எழுந்த பிறகுதான் தடை வந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ரொட்டி சுடும் தொழிலாளி மீது பழி சுமத்துவது நம் நோக்கமல்ல. இரவெல்லாம் அடுப்பின் அனலில் நிற்கும் அவரும் நம்மைப் போன்ற கூலிக்காரர்தான். மலிவான மாவும் மருந்தும் எதுவென்று முடிவு செய்பவர் அவரல்ல.

நாம் செய்ய வேண்டியது என்ன? உறையில் எடை, விலை, தேதி, 14 இலக்க உரிம எண் ஆகிய நான்கும் இல்லாத ரொட்டியை வாங்காதீர்கள். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். 'தாரிக் கோத்தாய்?', அதாவது தேதி எங்கே என்ற இரண்டு வங்கச் சொற்கள் போதும். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஒரு தெருவே கேட்டால் நல்ல சரக்கைத் தருவித்து வைப்பார். பக்கத்து வீட்டு வங்காளத் தாய்மார்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இதே ரொட்டியைத்தான் தின்கிறார்கள்.

ஊர் அந்நியமாக இருக்கலாம். வயிறு நம்முடையது. நல்ல ரொட்டி கேட்பது பிச்சையல்ல, உரிமை.